வ. உ. சிதம்பரம்பிள்ளை

வ. உ. சிதம்பரம்பிள்ளை (செப்டம்பர் 5, 1872 - நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், வழக்கறிஞரும், தமிழறிஞரும் ஆவார். வ. உ. சி. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறார். கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் ஆகிய பெயர்களாலும் அறியப்படுகிறார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வாணிபம் பிரித்தானியக் கம்பெனி ஒன்றின் பிடியில் இருந்த காலத்தில், 1906 ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்து, இந்தியர்களுக்குச் சொந்தமான நீராவிக் கப்பல்களை அவ்வழியில் ஓட்டினார். இதனாலும் தமது அரசியற் பணியாலும் ஆங்கில அரசின் கடுஞ்சினத்திற்கு ஆளாகி, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார்.

இளமை

வ. உ. சி. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். தொடக்கக் கல்வியைத் தம் ஊரிலேயே கற்றார். பின்னர் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பள்ளிக் கல்வியை முடித்தார். சிறிது காலம் ஒட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். அதன்பின் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சட்டம் பயின்று தேர்ச்சி பெற்றார்.

1895 ஆம் ஆண்டில் வள்ளியம்மை என்பவரை மணந்தார். அவர் 1901 இல் காலமானார். அதன் பிறகு மீனாட்சி அம்மாளை மணந்தார்.

ஒட்டப்பிடாரத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய வ. உ. சி., ஏழைகளுக்காகக் கட்டணம் பெறாமலும் வாதாடினார். காவல்துறை தொடுத்த குற்றவியல் வழக்குகள் பலவற்றில் எதிர்த்தரப்பில் நின்று வென்றார். இதனால் அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டார். 1900 ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். துறைமுக நகரின் வணிகர்களோடும் தொழிலாளர்களோடும் அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது இங்குதான்.

தூத்துக்குடியின் கடல் வாணிபம்

வ. உ. சி. கப்பல் தொழிலில் இறங்கியதன் காரணத்தை விளங்கிக்கொள்ள அன்றைய தூத்துக்குடியின் நிலையை அறிதல் வேண்டும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் விளைபொருட்களுக்கும் அதன் வடக்கே உள்ள கரிசல் நிலத்தின் பருத்திக்கும் கடல்வாயிலாக விளங்கியது தூத்துக்குடியே. 1870களின் நடுப்பகுதியில் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தொடருந்தில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பை அடைந்தனர். 1914 இல் தனுஷ்கோடி வழியாகப் புதிய பாதை திறக்கப்படும் வரை இதுவே முதன்மை வழியாக இருந்தது.

இங்கிருந்து ஏற்றப்பட்ட சரக்குகள் பலதரப்பட்டவை. பருத்தி, அழுத்து இயந்திரங்களில் இறுக்கப்பட்டு இரும்புப் பட்டை கட்டிய சிப்பங்களாகச் சென்றது. திருநெல்வேலிப் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்பட்ட நிலாவாரை இலையும் பொதிகளாக ஏற்றப்பட்டது. அரிசி, மிளகாய் முதலியவை சாக்கு மூட்டைகளிலும், கருப்புக்கட்டி பனையோலைப் பெட்டிகளிலும், கருவாடு கட்டுகளாகவும் சென்றன. இவற்றோடு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கப்பலேறினர். ஆகவே இவ்வழியில் ஓடும் கப்பலுக்குச் சரக்கு அறை மட்டும் இருந்தால் போதாது, ஆயிரக்கணக்கானோர் ஓரிரவைக் கழிக்கத்தக்க தளமும் வேண்டும்.

துறைமுகத்தின் ஆழமின்மை மற்றொரு சிக்கலாகும். பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாமல் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. மூட்டைகளும் மனிதர்களும் தோணிகளிலும் வள்ளங்களிலும் ஏறிச் சென்று கப்பலை அடையவேண்டும். ஒவ்வொரு மூட்டையும் கரையில் தோணிக்கும், கடலில் தோணியிலிருந்து கப்பலுக்கும், கொழும்பில் மீண்டும் இறக்குமதிக்கும் எனப் பலமுறை கைமாறியது. அதனால் சரக்கைக் கட்டும் முறையும், அதைத் தூக்கிச் செல்லும் படகும், ஏற்றிக்கொள்ளும் கப்பலும் ஒன்றுக்கொன்று பொருந்தினாலன்றி வாணிபம் இலாபம் தராது.

இக்கடல்வழி முழுவதும் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்தது. கட்டணத்தையும் புறப்படும் நாளையும் அக்கம்பெனியே முடிவு செய்தது. உள்ளூர் வணிகர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

சுதேசி இயக்கமும் தொடக்க முயற்சிகளும்

1905 ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினையை அடுத்து எழுந்த சுதேசி இயக்கம் தமிழகத்திலும் பரவியது. வ. உ. சி. பால கங்காதர திலகரைத் தம் அரசியல் வழிகாட்டியாகக் கொண்டார். தூத்துக்குடியில் கைத்தொழிற் சங்கம், தருமசங்க நெசவுசாலை, சுதேசிப் பண்டகசாலை ஆகியவற்றை நிறுவினார். சென்னையில் சுப்பிரமணிய பாரதியாரோடு நட்புக் கொண்டார்.

நெசவுசாலையும் பண்டகசாலையும் உள்நாட்டுப் பொருட்களை உற்பத்தி செய்யவும் விற்கவும் உதவின. ஆனால் பொருளைக் கடல் கடந்து கொண்டு செல்லும் வழி பிறர் கையில் இருக்கும் வரை வணிகம் சுதந்திரமாக இயங்க முடியாது. இந்நிலையே கப்பல் கம்பெனி தோன்றுவதற்கு அடிப்படையாயிற்று.

இத்தகைய முயற்சிக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. வங்காளத்தில் 1884 ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் தாகூர் ஆற்று வழியில் நீராவிக் கப்பல் ஓட்டினார். ஆங்கிலேயக் கம்பெனியின் கட்டணப் போட்டியைத் தாங்கமுடியாமல் பெரும் இழப்புக்கு உள்ளாகி அதனைக் கைவிட்டார். தூத்துக்குடியிலும் அதே ஆயுதமே பின்னர் பயன்படுத்தப்பட்டது.

சுதேசி நாவாய்ச் சங்கம்

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. இதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். இது ஒவ்வொன்றும் 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பங்கின் விலை சிறியதாக வைக்கப்பட்டதால் நடுத்தர வணிகர்களும் பங்குதாரர் ஆக முடிந்தது. ஆசியக் கண்டத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பங்கு பெறலாம் என விதிக்கப்பட்டது.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். வ. உ. சி. துணைச் செயலாளர் பொறுப்பையே ஏற்றார். எனினும் சங்கத்தின் இயங்கு சக்தியாக அவரே விளங்கினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் வழங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதி இவ்வாறு ஒருவரிடமிருந்தே கிடைத்தது.

கப்பல் ஓட்டுவது மட்டுமன்றி, இந்தியர்களுக்குக் கடற்பயணத் தொழிலிலும் கப்பல் கட்டும் தொழிலிலும் பயிற்சி அளிப்பதும், அதற்கான கல்லூரிகளையும் கப்பல் கட்டும் தளங்களையும் அமைப்பதும் சங்கத்தின் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன.

வாடகைக் கப்பல்கள்

தொடக்கத்தில் சங்கத்திடம் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் கம்பெனியிடமிருந்து கப்பல்கள் வாடகைக்குப் பெறப்பட்டன. வாடகை முறையில் முதலீடு குறைவு. வாணிபம் குறைந்தால் கப்பலைத் திருப்பி அளித்துவிடலாம். ஆனால் கப்பலின் உரிமையாளர் மனம் மாறினால் சேவை முழுவதும் நின்றுவிடும். நடந்ததும் அதுவே. பிரித்தானியக் கம்பெனியின் நெருக்குதலால் ஷா லைன் கம்பெனி தன் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பயணிகளும் சரக்கும் காத்திருக்கும் நிலையில் வ. உ. சி. கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்குப் பேசிக் கொண்டுவந்தார். இதனால் சேவை தொடர்ந்தது. எனினும் இரவல் கப்பலைக் கொண்டு நிலையான வாணிபம் நடத்த இயலாது என்பது தெளிவாயிற்று. சொந்தக் கப்பல் வாங்குவதென முடிவு செய்யப்பட்டது.

காலியாவும் லாவோவும்

கப்பல் வாங்குவதற்குப் பணம் திரட்ட வ. உ. சி. பம்பாய் உள்ளிட்ட வடபுலத்து நகரங்களுக்குச் சென்றார். அப்போது அவருடைய மூத்த மகன் நோயுற்றிருந்தார். மனைவி கருவுற்றிருந்தார். ஊர் திரும்புமாறு நண்பர்கள் வேண்டியும் அவர் திரும்பவில்லை. கப்பலுடன் திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சூளுரைத்துச் சென்றதாகக் கூறப்படுகிறது.

சங்கத்தின் சார்பில் எஸ். எஸ். காலியா, எஸ். எஸ். லாவோ ஆகிய இரு நீராவிக் கப்பல்கள் வாங்கப்பட்டன. கப்பல் வாங்கும் பணிக்காக எஸ். வேதமூர்த்தி ஐரோப்பா சென்றார். 1907 ஆம் ஆண்டில் இக்கப்பல்கள் தூத்துக்குடியை வந்தடைந்தபோது நகரம் விழாக்கோலம் பூண்டது. பாரதியாரின் இந்தியா இதழ் இச்செய்தியைப் பெருமகிழ்ச்சியுடன் வெளியிட்டது.

ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணம் செய்யலாம். அத்துடன் 4,000 சாக்கு மூட்டைகளை ஏற்றலாம். இந்த அளவுகள் அக்கடல்வழியின் தேவையைக் காட்டுகின்றன. மேல் வகுப்பு இடங்கள் 66 மட்டுமே. சாதாரண வகுப்பு இடங்கள் அதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு. தொழிலாளர்களையும் சிறு வணிகர்களையும் அவர்களது மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் வழிக்கு இது ஏற்ற அமைப்பாகும்.

கட்டணப் போர்

சுதேசிக் கப்பல்களுக்கு வணிகர்களும் பயணிகளும் பேராதரவு அளித்தனர். இதனால் வருவாயை இழந்த பிரித்தானியக் கம்பெனி தன் கட்டணத்தைக் குறைத்தது. சாதாரண வகுப்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக ஆக்கியது. சுதேசி நாவாய்ச் சங்கம் அதனை அரை ரூபாயாக்கியது. உடனே பிரித்தானியக் கம்பெனி பயணிகளைக் கட்டணமின்றியே ஏற்றிச் செல்ல முன்வந்ததுடன், குடை ஒன்றையும் இலவசமாக வழங்கியது.

இப்போட்டியின் தன்மையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். சாதாரண வகுப்பு இடங்கள் 1,300 உம் நிரம்பினாலும் அரை ரூபாய்க் கட்டணத்தில் ஒரு பயணத்தின் வருவாய் 650 ரூபாய் மட்டுமே. நிலக்கரிச் செலவு, மாலுமிகளின் ஊதியம், துறைமுகக் கட்டணம், தோணிக் கூலி ஆகியவை கப்பல் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் பெரும்பாலும் மாறுவதில்லை. பல கடல்வழிகளில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை ஓட்டிய பிரித்தானியக் கம்பெனி, ஒரு வழியில் ஏற்படும் இழப்பை மற்ற வழிகளின் இலாபத்தால் ஈடுசெய்தது. சுதேசி நாவாய்ச் சங்கத்திற்கு இருந்தது ஒரே வழி, இரண்டே கப்பல்கள். சொந்தக் கப்பல் வாங்கியதால் பிறர் தயவிலிருந்து சங்கம் விடுபட்டது. அதே வேளையில் மூலதனத்தின் பெரும்பகுதி கப்பல்களில் முடங்கியது.

அரசு அதிகாரிகளும் சுதேசிக் கப்பல்களுக்குப் பல இடையூறுகளை விளைவித்தனர். விலகிக்கொள்வதற்காக வ. உ. சி.க்குப் பெருந்தொகை தரப் பிரித்தானியக் கம்பெனி முன்வந்ததாகவும் அவர் அதனை மறுத்துவிட்டதாகவும் கூறப்படுகிறது.

கோரல் ஆலை வேலைநிறுத்தம்

தூத்துக்குடியில் இருந்த கோரல் நூற்பாலையை ஏ. அண்டு எஃப். ஹார்வி நிறுவனத்தினர் நடத்தினர். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்தில், ஆற்று நீரின் விசையைக் கொண்டு இயங்கிய நூற்பாலையும் இவர்களுடையதே. கோரல் ஆலையின் தொழிலாளர்கள் குறைந்த ஊதியத்திற்கு நீண்ட நேரம் உழைத்தனர். அவர்களுக்கு வார விடுமுறை இல்லை.

1908 பிப்ரவரி 27 அன்று அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். ஒன்பது நாட்களுக்குப் பின் நிர்வாகம் இறங்கி வந்தது. ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. இந்திய தொழிலாளர் இயக்கத்தின் தொடக்ககால வெற்றிகளுள் ஒன்றாக இது மதிப்பிடப்படுகிறது.

கைதும் திருநெல்வேலி எழுச்சியும்

விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் முகமாக 1908 மார்ச் 9 அன்று ஊர்வலமும் பொதுக்கூட்டமும் நடத்தப்பட்டன. மார்ச் 12 அன்று மாவட்ட ஆட்சியர் விஞ்ச்சின் ஆணைப்படி வ. உ. சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டுப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினர். நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தது. காவலர்கள் சுட்டதில் நால்வர் இறந்தனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் உள்ளிட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் இரு நகரங்களிலும் தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு மக்கள் மீது வரியாகச் சுமத்தப்பட்டது.

வழக்கும் சிறை வாழ்வும்

அரச நிந்தனை வழக்கைக் கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே விசாரித்தார். பாரதியார் வ. உ. சி.க்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். 1908 ஜூலை 7 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. அரச நிந்தனைக்காக 20 ஆண்டுகளும், சிவாவுக்கு உடந்தையாக இருந்தமைக்காக 20 ஆண்டுகளும் வ. உ. சி.க்கு நாடுகடத்தல் தண்டனையாக விதிக்கப்பட்டன. சிவாவுக்குப் பத்து ஆண்டுகள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பைக் கேட்ட வ. உ. சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பாதிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைக் காலத்தைப் பெரிதும் குறைத்தது. நாடுகடத்தல் கடுங்காவலாக மாறியது.

வ. உ. சி. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்தார். அங்கு அரசியல் கைதியாக நடத்தப்படவில்லை. மாடு இழுக்கவேண்டிய எண்ணெய்ச் செக்கை இழுக்க வைக்கப்பட்டார். அவர் இழுத்த செக்கு நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. இத்துன்பங்களுக்கு இடையிலும் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தார்.

சங்கத்தின் முடிவு

வ. உ. சி. சிறையில் இருந்தபோது சுதேசி நாவாய்ச் சங்கம் நலிவுற்றது. இழப்பைத் தாங்கும் மூலதனமும், பங்குதாரர்களை ஒன்றிணைக்கும் தலைமையும் இல்லாத நிலையில், 1911 ஆம் ஆண்டில் சங்கம் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டியாளராகிய பிரித்தானியக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. பெரும் தியாகங்களுடன் வாங்கிய கப்பல் எதிரியிடமே சென்றது வ. உ. சி.யை மிகவும் வருத்தியது. கப்பலை உடைத்துச் சிதைத்திருந்தாலும் இதனினும் மேல் எனப் பாரதியார் முதலிய நண்பர்களும் வருந்தினர் எனக் கூறுவர்.

அதே ஆண்டு ஜூன் 17 அன்று, திருநெல்வேலி ஆட்சியராக இருந்த ஆஷ், மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுதேசிக் கப்பல் தொழிலை ஒடுக்கியதில் ஆஷுக்கும் பங்கு உண்டு என்ற கருத்து அக்காலத்தில் பரவலாக இருந்தது.

பிற்கால வாழ்வு

வ. உ. சி. 1912 டிசம்பர் மாதத்தில் விடுதலை செய்யப்பட்டார். அவரை வரவேற்கச் சிறைவாயிலில் சிலரே இருந்தனர். அவர்களுள் தொழுநோயால் பீடிக்கப்பட்டிருந்த சுப்பிரமணிய சிவாவும் ஒருவர். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்ததால் வாழ வழியின்றிச் சென்னையில் சிறு வணிகம் செய்து வறுமையில் உழன்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய தொகை குறித்து 1915-16 ஆம் ஆண்டுகளில் காந்தியடிகளுடன் கடிதப் போக்குவரத்து நடத்தினார்.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்நன்றிக்காகத் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். கோவில்பட்டியிலும், இறுதியில் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காமல் 1920 இல் காங்கிரசிலிருந்து விலகினார். 1927 இல் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார்.

1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

தமிழ்ப் பணி

மெய்யறம், மெய்யறிவு, பாடற்றிரட்டு ஆகியவை இவர் இயற்றிய நூல்கள். தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுள் வடிவில் எழுதினார். மனம் போல வாழ்வு, அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் ஆகியவை ஜேம்ஸ் ஆலன் நூல்களின் மொழிபெயர்ப்புகள். திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார்.

மதிப்பீடும் நினைவுச் சின்னங்களும்

சுதேசி நாவாய்ச் சங்கம் ஐந்து ஆண்டுகளே நீடித்தது. இந்தியர்களின் பெருங்கடல் கப்பல் தொழில் நிலைபெறுவதற்கு 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5 அன்று சிந்தியா நிறுவனத்தின் எஸ். எஸ். லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாள் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்நிறுவனமும் கட்டணப் போட்டியை எதிர்கொண்டது. ஆனால் வலிமையான மூலதனப் பின்னணி இருந்ததால் தாக்குப்பிடித்தது. சரியான கப்பலைத் தேர்ந்தெடுப்பது தொழிலின் ஒரு பாதியே என்பதையும், அதனை இழப்புக் காலத்திலும் ஓட்டுவதற்கான இருப்பு மறு பாதி என்பதையும் இவ்விரு வரலாறுகளும் காட்டுகின்றன.

1961 ஆம் ஆண்டில் வ. உ. சி.யின் வாழ்க்கையைக் கூறும் கப்பலோட்டிய தமிழன் திரைப்படம் வெளிவந்தது. சிவாஜி கணேசன் வ. உ. சி.யாக நடித்தார். பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1972 செப்டம்பர் 5 அன்று இந்திய அஞ்சல்துறை அஞ்சல் தலை வெளியிட்டது. 1986 இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்திற்குச் சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அது 1997 இல் தூத்துக்குடி மாவட்டம் எனப் பெயர் மாறியது. திருநெல்வேலியில் மணிமண்டபமும், ஒட்டப்பிடாரத்தில் நினைவு இல்லமும் அமைந்துள்ளன.

தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் அமைக்கப்பட்டு 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் துறையிலேயே அணைந்து நிற்கத் தொடங்கின. 1999 இல் சரக்குப் பெட்டக முனையம் செயற்படத் தொடங்கியது. தோணியில் தூக்கிச் செல்லப்பட்ட சாக்கு மூட்டைகளின் இடத்தை ஒரே அளவிலான இரும்புப் பெட்டகங்கள் பிடித்தன. இத்துறைமுகத்திற்கு 2011 ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயரிடப்பட்டது.